குழாய்க்கு நாலு நல்ல வார்த்தை

பாய்லர்காரர் எழுதியது ஆறே வார்த்தை. "வளைவுக் குழாய் தேய்ந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்." மாதாந்திரப் பாதுகாப்புப் படிவத்தில், அதற்கென்று விட்டிருந்த கட்டத்துக்குள், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். நாலு நாள் கழித்து அச்சான பிரதி வந்தது. அவருடைய ஆறு வார்த்தையில் 'வளைவுக் குழாய்' மட்டும்தான் பிழைத்திருந்தது. "வளைவுக் குழாய் தன் பயணத்தில் மெலிவான, சுறுசுறுப்பான கட்டத்தை எட்டியுள்ளது. அதன் உள்ளார்ந்த ஆற்றல் எந்நேரமும் வெளிப்படத் தயாராக இருக்கிறது." அடியில் கையெழுத்து மட்டும் அவருடையதாகவே இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். யாருக்கோ பிள்ளை பிறக்கப்போகிற சேதி மாதிரி இருந்தது.

அது அட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை. தாளை ஒட்டி அட்டையாக்கும் உருளைகள் சூடாக இருக்க வேண்டும். சூட்டுக்கு நீராவி. நீராவியைக் காய்ச்சி அனுப்புகிறவர் பாய்லர்காரர். பாய்லர் அறையிலிருந்து கிளம்பும் பெரிய குழாய் சுவரைத் தாண்டி, ஒட்டும் எந்திரத்துக்கு மேலே வந்து ஒரு வளைவு வளைந்து திரும்பும். வருஷக்கணக்காக நீராவி அந்த வளைவில்தான் வந்து மோதும். புதிதாகப் போட்டபோது குழாயின் கனம் எட்டு மில்லிமீட்டர். இப்போது கருவி வைத்துப் பார்த்தால் ரெண்டரை. அந்த வளைவுக்குக் கீழே ஒரு நேரத்துக்கு ஏழு பேர் நின்று வேலை செய்தார்கள். நேர் கீழே நின்றவன் சின்னவன். பாய்லர்காரரின் மனைவிக்கு ஒரே தம்பி. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் பாய்லர்காரர்தான்.

அதனால் வீட்டிலும் நிம்மதி இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே மனைவி கேட்பாள், மாற்றினார்களா என்று. இல்லை என்றால் தட்டு வைக்கும் சத்தம் கொஞ்சம் கூடும். எட்டு மாதமாக அந்தச் சத்தம் கூடிக்கொண்டுதான் வந்தது.

ஆறாவது மாதம் பொறுமை போய் அவர் ஐந்தாம் மாடிக்கு ஏறினார். அங்கேதான் முதலீட்டாளர் உறவுத் துறை இருந்தது. அதன் தலைவரைக் கீழே எல்லோரும் 'சம்பந்தி' என்பார்கள். பெண் கொடுத்தவரும் இல்லை, எடுத்தவரும் இல்லை. ஆனால் வந்தால் நாற்காலி துடைத்துப் போட வேண்டும், போனால் வாசல்வரை போக வேண்டும், எதையாவது குறை சொல்லாமல் கிளம்பமாட்டார். பாதுகாப்புப் படிவத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பாய்லர்காரர் கேட்டார். சம்பந்தி பொறுமையாகத்தான் விளக்கினார்.

"இப்பல்லாம் கம்பெனி அறிக்கைய மனுஷன் படிக்கிறதில்லீங்க. எந்திரம்தான் படிக்குது. ஆண்டறிக்கை, பாதுகாப்பு அறிக்கை, வாசல் பலகை, ஒண்ணு விடாம படிச்சு கெட்ட வார்த்தைய எண்ணுது. எண்ணிட்டு ஒரு நொடியில நம்ம பங்கை வாங்குது, இல்ல வித்துத் தள்ளுது. உங்க 'வெடிக்கும்' ஒண்ணுக்கே நமக்கு மூணு புள்ளி போயிருக்கும்."

பிறகு கெட்ட வார்த்தைப் பட்டியலை எடுத்துக் கொடுத்தார். பாய்லர் அறையில் முப்பது வருஷம் கழித்தவருக்குக் கெட்ட வார்த்தை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூடக் காணோம். தேய்மானம், கசிவு, விரிசல், பழுது, நிறுத்தம், கோளாறு, தாமதம் என்று நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. கடைசியில், கையால் எழுதிச் சேர்த்தது, 'ஆனால்'.

குழாய் பழுது என்று எழுதக்கூடாதென்றால் பழுது பார்ப்பது எப்படி என்று கேட்டார் பாய்லர்காரர். பழுது பார்க்கும் படிவம் போன வருஷமே ஒழிக்கப்பட்டுவிட்டதாம். அதற்குப் பதில் 'மேம்பாட்டு வாய்ப்புப் படிவம்' இருக்கிறதாம். அதை நிரப்பிக் கொடுத்தால் மூலதனக் குழு கூடி, எந்த வாய்ப்பில் பணம் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்த்து, நிறைய வருவதற்கு முதலில் ஒப்புதல் கொடுக்குமாம். இதில் என்ன தப்பு என்று சம்பந்தி கேட்டார். பாய்லர்காரருக்கு இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால்தான் வரும்.

படிவத்தை வாங்கி நிரப்பினார். 'இந்த வாய்ப்பினால் கிடைக்கும் பலன்' என்ற இடத்தில், 'ஆள் பிழைப்பான்' என்று எழுதினார். 'பலனை எண்ணில் தெரிவிக்கவும்' என்று திருப்பி அனுப்பினார்கள். எண்ணில்தானே வேண்டும் என்று, குழாய்க்குக் கீழே நிற்கிறவர்களை எண்ணி 'ஏழு' என்று போட்டு அனுப்பினார். குழு கூடியது. ஏழு சதவீதம் என்று குறித்துக்கொண்டது. குறைந்தபட்சம் பன்னிரண்டு வராத எதிலும் பணம் போடுவதில்லை என்பது கம்பெனிக் கொள்கை என்பதால் நிராகரித்தது. குழுவின் குமாஸ்தா நல்ல மனிதர். மாடிப்படியில் பார்த்தபோது பாய்லர்காரரின் தோளில் கைவைத்து, "இன்னும் அஞ்சு பேரக் கீழ நிறுத்தியிருந்தீங்கன்னா தேறியிருக்கும்ணே" என்று வருத்தப்பட்டார்.

பாய்லர்காரர் அன்றைக்கு நிதி அதிகாரியின் அறைக் கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு போனார். குழாயின் விலை அந்த அறையில் கிடந்த மேசையின் காலுக்குக் காணாது. அதைச் சொன்னார். விலை பிரச்சினையே இல்லை என்றார் நிதி அதிகாரி. குழாயை மாற்ற இரண்டு நாள் பாய்லரை அணைக்க வேண்டும். இரண்டு நாள் அணைத்தால் பெட்டி குறையும். பெட்டி குறைந்தால் காலாண்டு லாபம், பங்கு ஒன்றுக்கு, ஒரு காசு குறையும். போன காலாண்டிலும் அதற்கு முந்தின காலாண்டிலும், இருபத்தேழு காலாண்டுகளாகச் சந்தை எதிர்பார்த்ததைவிடச் சரியாக ஒரு காசு அதிகம் காட்டியிருக்கிறார்கள். அது எப்படி ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரே காசு கூடுகிறது என்று பாய்லர்காரர் கேட்டார்.

"அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார் நிதி அதிகாரி.

மேசைமேல் இன்னொரு காகிதம் கிடந்தது. கம்பெனி தன் பங்குகளைத் தானே வாங்கிக்கொள்ளப் போகிறது என்ற அறிவிப்பு. குழாய்க்கு இல்லாத பணம் இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று பாய்லர்காரர் விசாரித்தார். குழாய் வாங்காமல் மிச்சம் பிடித்ததும் அதில் சேர்த்திதான் என்று பெருமையாகச் சொன்னார்கள். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனவள் தானே பாதியை விலைக்கு வாங்கிக்கொண்டு, பார், என் காய்க்கு என்ன கிராக்கி என்று சொல்வதுபோல இருந்தது அவருக்கு. சொன்னால் யாருக்குப் புரியப்போகிறது? செவிடன் காதில் ஊதிய சங்குதான். இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் காது கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

காது விஷயம் உண்மை. முப்பது வருஷ இரைச்சலில் பாதி போய்விட்டது. தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராகப் பேசுவார். மகள் பிறந்த சேதியையும் மாமனார் செத்த சேதியையும் ஒரே குரலில்தான் சொன்னார் என்று மனைவி இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வாள். வீட்டில் குறையாக இருந்த இந்தக் குரல்தான் எட்டாவது மாதம் கம்பெனிக்குக் கிடைத்த புதையல் ஆயிற்று.

நடந்தது இதுதான். எல்லாக் கம்பெனிகளும் நல்ல வார்த்தையாகவே எழுதித் தள்ளியதில் எந்திரங்கள் வார்த்தையை நம்புவதை விட்டுவிட்டன. யாரோ ஆராய்ச்சி செய்து, பேசுகிறவரின் குரலைக் கேட்டால் உள்ளே இருக்கிறது தெரிந்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுடன் தொலைபேசியில் பேசுகிற காலாண்டுப் பேச்சை எந்திரங்கள் இனி காதுகொடுத்துக் கேட்கும். நடுக்கம் இருந்தால் விற்கும். நிதானம் இருந்தால் வாங்கும். ஐந்தாம் மாடிக்கு ஒரு குரல் பயிற்சியாளர் வந்தார். கூடவே குரலை அளக்கும் பெட்டி ஒன்றும் வந்தது. நிதி அதிகாரி 'எல்லோருக்கும் வணக்கம்' என்றதற்கே பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டது. கம்பெனித் தலைவர் தன் பெயரைச் சொன்னார்; 'எதையோ மறைக்கிறார்' என்று காட்டியது. சம்பந்தி வாயைத் திறக்கும் முன்பே பெட்டி கத்த ஆரம்பித்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, ஒன்பதாவது தடவையாகக் குழாயைப் பற்றிச் சொல்லப் பாய்லர்காரர் உள்ளே வந்தார். இவருடைய குரல் பட்டதும் பெட்டி பச்சை விளக்கைப் போட்டு அப்படியே நின்றது. நிதானம் தொண்ணூற்றேழு. பதற்றம் பூஜ்யம். பயிற்சியாளர் எழுந்து நின்றுவிட்டார். தன் இருபது வருஷ அனுபவத்தில் இப்படியொரு குரலைக் கேட்டதில்லை என்றார். அந்தக் குரல் என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

காலாண்டுப் பேச்சில் 'தொழிற்கூடத்தின் குரல்' என்று அவர் ஒரு பக்கம் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பேச்சுக்கு முதல் நாள் தலைவர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாம அட்டைப்பெட்டி செய்யுற கம்பெனின்னு வெளிய நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. அது ஒரு காலம். இப்ப நாம செய்யுறது எதிர்பார்ப்பு. அத செய்யும்போது கழிவா கொஞ்சம் பெட்டி வெளிய வருது, அவ்வளவுதான். இத நீங்க மனசுல வச்சுக்கிட்டுப் பேசுனாப் போதும்."

பாய்லர்காரர் தலையாட்டினார். அவர் மனதில் வேறு கணக்கு ஓடியது. பங்கு வைத்திருக்கிறவர்கள்தான் கம்பெனிக்குச் சொந்தக்காரர்கள் என்கிறார்கள். சொந்தக்காரன் மனுஷன்தானே? வீட்டுக் கூரை விழப்போகிறதென்றால் எந்தச் சொந்தக்காரனாவது சும்மா இருப்பானா? நடுவில் இருக்கிற இந்தச் சம்பந்திகளைத் தாண்டி அவர்கள் காதில் நேரே போட்டுவிட்டால் போதும். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் பேச்சு ஆரம்பமானது. இணைப்பில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதாகத் திரையில் காட்டியது. தலைவர் பேசுவதாக இருந்ததெல்லாம் பயிற்சியாளர் யோசனைப்படி முன்னமே பதிவு செய்து வேறு ஆள் குரலில் ஓடியது. பாய்லர்காரர் முறை வந்தது. கையிலிருந்த காகிதத்தை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நான் பாய்லர் பாக்கிறவன். இங்க ஒரு குழாய் தேஞ்சுபோச்சு. எட்டு மில்லிமீட்டர் இருந்தது, இப்ப ரெண்டரைதான். எட்டு மாசமா எழுதிக் குடுக்கிறேன், யாரும் மாத்தல. வெடிக்கும். கீழ ஏழு பேர் நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் என் மைத்துனன். கம்பெனி உங்களோடதுன்னு சொல்றாங்க. நீங்களாவது மாத்தச் சொல்லுங்க."

சம்பந்தி நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். நிதி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். இணைப்பில் யாரோ ஒரு வயதான பெண்மணி, "அந்தக் குழாய மாத்தித் தொலைச்சா என்ன?" என்று கேட்டார். உடனே அந்த இணைப்பைத் துண்டித்தார்கள். பிற்பாடு விசாரித்ததில், முந்நூற்றுப் பன்னிரண்டில் மனிதர்கள் இரண்டே பேர் என்று தெரிந்தது. ஒருவர் வேறு எங்கோ கூப்பிடப் போய் எண் மாறி வந்தவர். இன்னொருவர், இந்தப் பெண்மணி, தலைவரின் மாமியார். மருமகன் என்னதான் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்.

மீதி முந்நூற்றுப் பத்தும் எந்திரம். அவை குரலைக் கேட்டன. நிதானம் தொண்ணூற்றேழு, பதற்றம் பூஜ்யம், மறைப்பு பூஜ்யம் என்று அளந்தன. இப்படிப்பட்ட தொண்டை உள்ள கம்பெனியில் ஒரு குறையும் இருக்க முடியாதென்று தீர்மானித்து வாங்கத் தொடங்கின. பாய்லர்காரர் தண்ணீர் குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பங்கு விலை ஒன்பது சதவீதம் ஏறிவிட்டது.

தலைவர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர். பூங்கொத்து வந்தது. பாய்லர்காரருக்கும் குழாய்க்குக் கீழே நிற்கிற ஏழு பேருக்கும் ஆளுக்கு இருநூறு பங்கு இனாம் என்று அங்கேயே அறிவித்தார். காலாண்டு முடிகிறவரை விற்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. குழாயைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போடச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்து மூச்சு வாங்கியபோது பாய்லர்காரர் கேட்டார்.

"சரிங்க. குழாய எப்ப மாத்துறீங்க?"

தலைவர் குழந்தையைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தார்.

"மாத்திட்டா அடுத்த காலாண்டுல நீங்க என்ன பேசுவீங்க?"

இதற்கு மேல் என்ன இருக்கிறது? முப்பது வருஷத்தில் யார்மேலும் அவர் கைநீட்டியதில்லை. அன்றைக்கு நீட்டியிருப்பார், கை இரண்டிலும் பூங்கொத்து இருந்தது. அதை லிப்ட் வாசலிலேயே போட்டுவிட்டுப் படியில் இறங்கினார். எட்டு மாதம் பொய் எழுதியவர்களைத் தாண்டிப் போய் உண்மையைச் சொன்னால் நடக்கும் என்று நம்பினார். உண்மையையும் வாங்கி விலைக்கு வைத்துவிட்டார்கள். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

நேரே ஒட்டும் எந்திரத்துக்குப் போனார். ஏழு பேரும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அதே குழாய்க்குக் கீழே, தலைகுனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேதி அவருக்கு முன்னால் இறங்கி வந்திருந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னார், பாய்லரை அணைக்கப்போகிறேன் என்றார். ஒருவரும் நகரவில்லை. சின்னவன்தான் வாயைத் திறந்தான்.

"இப்ப அணைச்சா விலை விழுந்துடும் மாமா."

"குழாய் விழுந்தா?"

"எட்டு மாசம் தாங்குனது இன்னும் மூணு மாசம் தாங்காதா? காலாண்டு முடியட்டுமே. பங்கு கிடைச்சத அக்காகிட்டகூட சொல்லிட்டேன்."

ஐந்தாம் மாடியிலிருந்து சம்பந்தியே இறங்கிவந்து அவன் வாய்க்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. தன் பிள்ளை மாதிரி வளர்த்த பயல். பாய்லர்காரர் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். பாய்லர் அறைக்குப் போய் எரிபொருள் வால்வை இறுக்கி மூடினார். தன் சைக்கிள் பூட்டைக் கொண்டுவந்து வால்வின் சக்கரத்தில் மாட்டிப் பூட்டினார். அழுத்தமானியின் முள் இறங்க ஆரம்பித்தது. உருளைகள் ஆறின. அட்டை ஒட்டாமல் பிரிந்து வந்தது. எந்திரம் நின்றது.

மேலே அமளி. அவரைத் தடுக்க எழுத்தில் உத்தரவு வேண்டும். உத்தரவில் 'நிறுத்தம்' என்று எழுத முடியாது, பட்டியலில் இருக்கிறது. 'அனுமதியின்றி', 'மீறல்', 'சேதம்', 'ஒழுங்கு நடவடிக்கை' எல்லாமே இருக்கின்றன. 'பாய்லர் தன் ஓய்வுப் பயணத்தைத் தொடங்கியதற்காகப் பாய்லர்காரரை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்குமேல் அவரைத் திட்டவா பாராட்டவா என்று புரியாமல் சம்பந்தியின் துறை இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு நாள் போதும். பாய்லர்காரர் தன் கைக்காசில் புது வளைவுக் குழாய் வாங்கிவந்தார். தெரிந்த வெல்டரை அழைத்துவந்து பழையதை அறுத்து இறக்கிப் புதியதை ஒட்டவைத்தார். ஏழு பேரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஏணியைப் பிடிக்கக்கூட ஆள் வரவில்லை. ஒரு காசு கூடாமல் போகும் என்று சந்தைக்குத் தெரிந்து விலை இறங்கிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்கள்.

இரண்டாம் நாள் வேலை முடிந்தது. அறுத்துப் போட்ட பழைய வளைவு தரையில் கிடந்தது. பாய்லர்காரர் வெல்டரிடமிருந்து சுத்தியலை வாங்கினார். எல்லோரையும் கிட்ட வரச் சொன்னார். வளைவின் முதுகில், ஓங்கி அடிக்கவில்லை, முட்டை உடைக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். அந்த இடம் அப்பளமாக உள்ளே போய்விழுந்தது. கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. விளிம்பில் இரும்பு தாள் கனம்கூட இல்லை. கருவி வைத்துப் பார்த்த இடத்தில்தான் ரெண்டரை. அதற்கு நாலு விரல் தள்ளி இந்தக் கதி என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

சின்னவன் குந்தி உட்கார்ந்து ஓட்டைக்குள் கையைவிட்டுப் பார்த்தான். மேலே பார்த்தான், தான் தினமும் நிற்கிற இடத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு நேர் மேல மாமா" என்றான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாய்லர்காரருக்கு மனசு இளகிப் போயிற்று. பாவம், சின்னப் பயல், இப்போதாவது புரிந்ததே என்று அவன் தலையைத் தடவக் கையை நீட்டினார்.

சின்னவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஓட்டையை ஒரு படம் பிடித்தான். சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் பிடித்தான்.

"இத மேல குடுத்து, அடுத்த பேச்சுல நீங்களே உங்க குரல்ல சொன்னீங்கன்னா, விலை மறுபடி ஏறுமா மாமா?"

பாய்லர்காரர் சுத்தியலை வெல்டர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நாலடி தள்ளிப்போய் நின்றார். அது கையில் இருந்திருந்தால் அன்றைக்கு மனைவிக்குப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.